பத்தாவது பெயர்

ஜூலை 6
தலைமையாசிரியர் கமலநாதன் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது சேராவிட்டால் ஓர் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்களாம். கடைசியாக வந்தவள் நான். வேறு யார் போவார்? இப்போது கையில் நான்கு பெயர். கிள்ளான் முழுக்கத் தமிழர்கள், நம் தமிழ்ப்பள்ளிக்கு நான்கு பிள்ளை. வெட்கக்கேடு.

ஜூலை 10, வெள்ளி
கோயில் மண்டபத்தில் மேசை போட்டோம். பதிகிற பிள்ளைக்குப் புத்தகப்பை இலவசம். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் சுகுமாறன் தாய்மொழியைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். அவர் பிள்ளைகள் இரண்டும் சீனப்பள்ளியில். ஊருக்குத்தான் உபதேசம்!

ஒரு அம்மா பையின் ஜிப்பை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "மாண்டரின் படிச்சாதான் வேலை கிடைக்கும் லா டீச்சர்," என்றாள். பையை மட்டும் கீழே வைக்கவில்லை. அவள் புருஷன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு சுண்டல் வரிசைக்குப் போனான். இதுகளுக்கெல்லாம் தமிழ் கல்யாணப் பத்திரிகைக்குப் போதும்.

ஜூலை 14
ஆறு பெயர்.

பள்ளி வாசலில் நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்காரி ரொஹானி, தன் மகளை நம் பள்ளியில் சேர்க்க என்னென்ன பத்திரம் வேண்டும் என்று மலாயில் கேட்டாள். நாங்கள் பிள்ளை பிடிக்க அலைவதைத் தினமும் பார்க்கிறவள். கேலி என்றுதான் நினைத்தேன். மலாய்ப்பள்ளி அடுத்த சாலையில் இருக்கிறது, அங்கே போ என்று சிரித்தேன். மிளகாய்ச் சம்பால் கொஞ்சம் கூட வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 25
வேன் ஓட்டும் நாகையா அண்ணனின் பேத்தியோடு ஒன்பது. இன்னும் ஒன்று. ஒரே ஒன்று! சுகுமாறனுக்கு போன் போட்டு அவருடைய தம்பி மகனையாவது கேட்கப் பார்த்தேன். மீட்டிங்கில் இருக்கிறாராம். த்தூ.

ஆகஸ்ட் 3
பதிவு முடிந்தது. ஒன்பதுதான். "ரொஹானி உங்ககிட்ட மகளைப் பத்திக் கேட்டாங்களாமே?" என்றார் கமலநாதன். வாசலுக்கு ஓடினேன்.

மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அவள் தமிழில் பதில் சொன்னாள். காப்பார் தோட்டத்தில் தமிழர் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவளாம். மூன்று வருடமாக அவள் கையால் சாப்பிடுகிறேன், எனக்குத் தெரியாது.

"என் வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரு டீச்சர், அவங்க நம்மள சேத்துக்க மாட்டாங்கன்னு. நான்தான், இல்ல, டீச்சரக் கேட்டுட்டு வரேன்னு வந்தேன்."

மகளுக்கு மலாய்ப்பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. இனிமேல் மாற்றச் சொல்லி வீட்டுக்காரர் முன்னால் போய் நிற்க முடியாது என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் என்ன பெரிய இவளா? சுகுமாறன் சொந்தப் பிள்ளைகளைத்தான் வேறு இடத்துக்கு அனுப்பினான். தேடி வந்த பிள்ளையை விரட்டினது யாரு? நான்தானே! சீ.

நவம்பர் 27
காஜாங்குக்கு மாற்றல். இன்று பிரியாவிடை. சுகுமாறன் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார். ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிடக் கூடாது என்று வீதி வீதியாக அலைந்தவர் புனிதா டீச்சர் என்றார். கமலநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.