மூளை செத்த கார்

நேற்று திண்டிவனம் பைபாஸில் என் தம்பி மகன் ஓட்டிவந்த காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. அவன் ஓரம் கட்டினான். தீப்பெட்டி அளவில் எதையோ ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டுச் செல்போனைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல அத்தை, ஒரு சென்சாரு. வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனிடம் காரணம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். இதே விளக்கோடு நீயும் நானும் மூன்று நாள் மல்லுக்கட்டினோம்.

எண்பதுகளின் கடைசி அது. வளைகுடாவிலிருந்து உன் வீட்டுக்காரர் கொண்டுவந்த ஜப்பான் கார். இடப்பக்கம் ஸ்டியரிங். அதை அவர் ஒரு வருடம்கூட ஓட்டவில்லை. அதற்குள் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ஏரிக்குள் தண்ணீர் வற்றிய நாட்களில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார், அது ஒன்றுதான் மிச்சம். விழுப்புரத்தில் மல்லாட்டை வியாபாரம் செய்த அவருடைய அண்ணன், உன் கார் ஷெட்டை உன்னைக் கேட்காமலேயே குடோன் ஆக்கிக்கொண்டார். வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே கார் ஐந்து மாதம் நின்றது.

நீ தூசி தட்டி ஸ்டார்ட் செய்தபோது கறுப்புப் புகையும் பெட்ரோல் நாற்றமும் வந்தன. நாலு இருமல் இருமி அணைந்தது. மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. அண்ணன் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அழைத்துவந்தார். அந்த ஆள் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"இதுக்குள்ள கம்ப்யூட்டர் கீதும்மா. அதான் வண்டிக்கு மூளை. மூளை செத்துப்போச்சு."

"எதை வெச்சு சொல்றீங்க?" என்று நீ கேட்டாய்.

"பாத்தாலே தெரியும்மா. எத்தினி வருச சர்வீசு!"

அண்ணன் முடிவையே சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கெழமை வண்டி வாங்குற ஆள கூட்டிக்கினு வர்றேன். வர்ற வெலைக்குக் குடுத்துட்டு, வூட்டப் பூட்டிக்கினு பொண்ணோட விழுப்புரம் வந்துடு. ஒண்டிப் பொம்பள இங்க இன்னா பண்ணப் போற?"

"வண்டி ஓட்டப் போறேன் மாமா. வாடகைக்கு."

அவர் சிரித்தார். மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். நான் அப்போது உன் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். உன் முகம் கறுத்ததைப் பார்த்தேன். நீ அழவில்லை.

அது வியாழக்கிழமை. சாயங்காலமே செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். காரோடு வந்த புத்தகம். "நீதான இங்கிலீஷ் டீச்சரு? படிச்சி சொல்லுடி."

"எனக்கு அதுல பெட்ரோல் எங்க ஊத்துறதுன்னே தெரியாதே!"

"எனக்குத் தெரியும். இங்கிலீஷ்தான் தெரியாது. நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு மெக்கானிக்கு."

தையல் மெஷினைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுகிற கை உன்னுடையது. நான் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். சரியான பக்கம் கிடைக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. கோளாறு என்னவென்று அந்தக் கம்ப்யூட்டரே விளக்கைச் சிமிட்டிச் சொல்லுமாம். பானட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில் இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீ துளைகளில் மாட்டினாய். நான் சாவியைத் திருப்பினேன்.

விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. நின்றது. மறுபடி இரண்டு முறை. இருபத்திரண்டு. அட்டவணையில் விரலை ஓட்டிப் படித்தேன்: இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார், அல்லது அதன் வயர். நீ திறந்த பானட்டுக்கு ஓரமாக எட்டி என்னைப் பார்த்தாய். "செத்தவன் எங்கனா பேசுவானாடி? இது பேசுதே!"

மறுநாள் அந்த வயரைத் தேடிப் பிடித்தோம். எலி கடித்துச் செம்பு தெரிந்தது, ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் மேலெல்லாம் மல்லாட்டைத் தோல். நீ மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாய். பிளேடால் சீவி, வயரை முறுக்கி, டேப் சுற்றினாய். கரி பிடித்த பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தாய்.

மறுபடி சாவியைத் திருப்பினேன். மறுபடியும் இருபத்திரண்டு. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குக் கேட்கும்படியே, "அந்த ஆளு சொன்னது நெஜமா இருந்தா?" என்றேன்.

"இன்னும் படி" என்றாய். அவ்வளவுதான் உன் பதில்.

அடுத்த பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. கோளாறைச் சரிசெய்தாலும் கம்ப்யூட்டர் அதை மறக்காது. அதன் ஃப்யூஸைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால்தான் பழையது அழியும். நீ வாய்விட்டுச் சிரித்தாய். உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன். "வயரு சரியாயும் பழைய குத்தத்தையே சொல்லிக்கினு கீது பாரேன். நம்ம ஊரு ஜனங்க மாதிரி!"

ஃப்யூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு சிலுவை போட்டு, நிதானமாக ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்தாய். திரும்பச் செருகினாய். ஊசியை உருவிவிட்டு ஸ்டார்ட் செய்தாய். இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்தது, விளக்கு அணைந்தது. புகை மெல்ல மெல்ல வெளுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், "மாமா வர்ற வரிக்கும் எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்? நாமளே போலாம், ஏறு" என்றாய். விழுப்புரம் சாலையில் ஒரு கரும்பு லாரி முன்னால் போனது, அதை முந்த வேண்டும். நீ இடப்பக்கம் இருந்ததால் எதிரே வருவது உனக்குத் தெரியாது. வலப்பக்கம் இருந்த நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "போலாம்னு நெனைக்கிறேன்" என்றேன்.

நீ பிரேக்கை அழுத்தினாய். "நெனைக்கிறதெல்லாம் வாணாம். போன்னு சொல்லு, இல்லாட்டி வாணாம்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, பின்னாலயே போறேன்."

நான் தலையை வெளியே நீட்டி நன்றாகப் பார்த்தேன். "போ!" என்றேன். போனோம்.

அண்ணன் வீட்டு வாசலில் அவரும் மெக்கானிக்கும் வாங்க வந்த ஆளும் திண்டிவனத்துக்குக் கிளம்பி நின்றிருந்தார்கள். நீ இன்ஜினை அணைக்கவில்லை. "மாமா, வண்டி விக்கிறதுக்கில்ல. நான் எங்கயும் வரவுமில்ல. நாளைக்கே உங்க மூட்டைய எடுத்துடுங்க. எலி வருது."

"எந்த மெக்கானிக்கு பாத்தான்?" என்றார் அண்ணன்.

"நாங்கதான்."

இரண்டு வருடம் அவர் உன்னோடு பேசவில்லை. தாலியறுத்தவள் ஓட்டுகிற காரில் பெண் ஏறமாட்டாள் என்று வாசல்வரை வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிய கல்யாண வீடுகளும் உண்டு. அதே தெருக்களிலிருந்து வலி எடுத்த பெண்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தவளும் நீதான். யாருக்கும் நீ விளக்கம் சொன்னதில்லை. உன் மகளை அந்த வண்டி ஓட்டித்தான் படிக்க வைத்தாய்.

போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் "சரியாப் பூடும், சரியாப் பூடும்" என்றார்கள். நீ அவர்களை வெளியே போகச் சொன்னாய். ரிப்போர்ட் என் கையில் இருந்தது. "நீ படிச்சி சொல்லு" என்றாய்.

முழுவதும் படித்தேன். டாக்டரிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். "இல்லடி. இனிமே சரியாவாது" என்றேன்.

நீ என் கையை அழுத்திப் பிடித்தாய். அன்று மாலையே எல்லாரையும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாய். கடைசிப் பதினோரு நாளும் உன் வீட்டில், உன் கட்டிலில், உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு கேட்டுச் சாப்பிட்டு, மகளை அதட்டிக்கொண்டே இருந்தாய்.

அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது என்று உன் சொந்தக்காரர்கள் இன்னும் என்மீது கோபமாக இருக்கிறார்கள். இருக்கட்டும். இன்றைக்கும் யார் எது கேட்டாலும் முதலில் பார்க்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன். எத்தனை பேருக்குப் பிடிக்காமல் போனாலும் இதை மாற்றிக்கொள்வதாக இல்லை.