உன்னைத் தூக்கி வந்தவருக்கு ஒரு வேட்டைக் கத்தி

என் செல்லத் தம்பி செல்வினுக்கு,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். நாலு வரி தாண்டினால் சலித்துப்போய், "எக்கா, நீயே வாசி, நான் கேக்கேன்" என்று தாளை என் மடியில் போட்டுவிடுவாய். அதனால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். உன் அத்தான் அம்பர்நாத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். தாராவியில் வெயில் கொளுத்துகிறது, தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியவில்லை. மழை வந்தால் தேவலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

போன மழைக்காலத்தில்தான் நீயும் உன் கூட்டாளி மணியும் மலைக்கோட்டை பார்க்கப் போனீர்கள். இறங்கும்போது உன் கால் வழுக்கியது. மணி கீழே இருந்த மலைக்கிராமத்துக்கு ஓடிப்போய் ஆள் தேட, லஹு என்கிறவர் உன்னைத் தேடிப் பள்ளத்தில் இறங்கினார். தேன் எடுக்கிறவர், அந்த மலையில் அவருக்குத் தெரியாத இடம் இல்லை. விடிந்த பிறகு அவர்தான் உன்னைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தார். விழுந்தவுடனேயே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருட்டிலே தேடித் தேடி, விடியும்போதுதான் அவர் உன்னிடம் வந்து சேர்ந்திருப்பார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

அம்மாவைப் பாடாய்ப்படுத்தியது அதுதான். "ராப்பூரா அந்தத் தண்ணிக்குள்ள தனியா கெடந்தானே எம்புள்ள" என்பாள். வேறு எதுவும் சொல்ல மாட்டாள். சபையிலிருந்து வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். அவர்கள் படி இறங்கியதும் திரும்ப அதே பேச்சு.

கிறிஸ்மஸுக்கு முன்னால் மணி அந்தக் கிராமத்துக்குப் போய்விட்டு வந்தான். லஹுவின் இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி இருக்குமாம். அவருடைய அப்பா வேட்டைக்குக் கொண்டுபோனது. உன்னைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதை ஒரு பாறைமேல் வைத்திருக்கிறார். பள்ளத்து ஓடை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மணி கேட்டதற்குச் சொன்னார், அவ்வளவுதான். உன் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "ஏட்டி எஸ்தர், நான் ஒண்ணு செஞ்சு குடுக்கேன்" என்றார்.

உனக்குத்தான் தெரியுமே, அவர் வாழ்நாளெல்லாம் கம்பெனியில் இரும்புச் சாமான் கிரைண்டிங் பண்ணுகிற ஆள். கத்தி செய்ததில்லை. கோவண்டியில் உலை வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே போய்விடுவார். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, பழுக்கக் காய்ச்சி அடித்து, அரத்தால் ராவி, வடிவம் கொண்டுவந்தார். முதுகு தடியாக, வெட்டுகிற பக்கம் லேசாக வளைந்து, முனை நேராக. திரும்பக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோது டிக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். மயிரிழை போல விரிசல். வீட்டுக்கு வந்து அதை என் முன்னால் வைத்தார். அடுத்த ஞாயிறு வேறு துண்டோடு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

லஹுவின் கை அளவு எங்களுக்குத் தெரியாது. மணி சொல்லி, அவர் ஒரு மூங்கில் துண்டைப் பிடித்திருக்கிற மாதிரி கிராமத்திலிருந்து போட்டோ அனுப்பினார்கள். குட்டையான, அகலமான கை. நகமெல்லாம் கறுத்திருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன்னைத் தூக்கி வந்த கை அதுதானே? அத்தான் பழைய கதவு நிலையிலிருந்து எடுத்த தேக்கில் பிடி செய்து, பித்தளை ஆணி அடித்து இறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கத்தி கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்குப் பொருந்தாமல் போய், அந்தப் படத்தில் இருந்த கைக்குப் பொருந்தியது.

உறை என் வேலை. லேடீஸ் பேக்கும் பர்சும் தைத்துத் தைத்தே என் விரல் காய்த்துப்போயிருக்கிறது, ஆனால் கத்திக்கு உறை தைப்பது வேறு என்று முதல்தடவையே தெரிந்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துக் கத்தியைச் செருகினேன். கூர் பட்டு நூல் அறுந்து, அடி வாய் பிளந்துகொண்டது. பிரித்துவிட்டு, கூர் வருகிற ஓரத்தில் இடையே ஒரு தோல் பட்டை வைத்து, மெழுகு தேய்த்த நூலில் இரண்டு ஊசி போட்டுத் தைத்தேன். பிறகு உறையைத் தண்ணீரில் ஊறவைத்து, கத்தியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே விட்டு, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அதன் உருவத்தை வாங்கவைக்க வேண்டும். கெட்டியான எருமைத்தோல், சீக்கிரம் வசப்படவில்லை. ஈரமும் குளிர்ச்சியுமாக அதைத் தடவிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியில் உன் உடம்பை வாங்கும்போது கன்னத்தைத் துடைத்தது கையில் வந்துவிட்டது. அன்றைக்கு எடுத்துவைத்துவிட்டேன். மறுநாள்தான் முடித்தேன்.

அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. "கத்திய யாரும் குடுப்பாவளா? ஒறவு அந்துபோவும்" என்றாள்.

"வெறுங்கத்தியா குடுக்கலியே அத்த. உறையில போட்டுத்தான குடுக்கோம்" என்றார் அத்தான்.

அம்மா உறையை வாங்கித் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள். "கெட்டியாத் தச்சிருக்கியா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

போன மாதம் நானும் அத்தானும் சயான் ஸ்டேஷனில் கர்ஜத் வண்டி ஏறினோம். போலீஸ்காரர் யாராவது பையைத் திறந்து பார்த்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் பயம். கர்ஜத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ, அப்புறம் ஒரு ஜீப். நீ நடந்த மலை எங்களுக்கு முன்னால் காய்ந்து செம்மண்ணாக நின்றது. எது அந்தப் பள்ளம் என்று நான் கேட்கவில்லை.

லஹு வீட்டில் கறுப்பு டீ கொடுத்தார்கள். அத்தான் கத்தியைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். லஹு கத்தியை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். வாசலில் கிடந்த மூங்கிலை எடுத்து, ஒரே இழுப்பில் சீவினார். பிறகு உறையில் போட்டு, இடுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டு, எழுந்து நாலடி நடந்து பார்த்தார். அவர் மனைவி சிரித்தார். அவரும் சிரித்தார். எனக்கு வந்த காரியம் முடிந்தது போல இருந்தது.

அப்புறம் அவர் என் எதிரில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். மராத்தியில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, "தாயி" என்றார். "உங்க தம்பி என்கிட்ட ஒண்ணு சொன்னான். உங்க பாஷை எனக்குத் தெரியாது. இத்தனை மாசமா மனசுல வச்சிருக்கேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்க போகும்போது அவன் உயிரோடவா இருந்தான்?" என்று கேட்டேன்.

"இருட்டுறதுக்கு முன்னாலயே அவன்கிட்ட போய்ச் சேந்துட்டேன். கொஞ்ச நேரம் உயிரோட இருந்தான். அப்புறம் ஓடையில தண்ணி ஏறிடுச்சு, மேல வர முடியல. விடியற வரைக்கும் அவன் கூடவே உக்காந்திருந்தேன். அன்னிக்கு உங்க அம்மாவப் பாத்ததும் எனக்குச் சொல்ல வாய் வரல, அப்புறம் வந்த மணிகிட்டயும் சொல்லல."

பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை பாட்டு ஒப்பிக்கிற மாதிரி, ஒரே மூச்சில் சொன்னார்: "குல்ருதுக்கா பொத்திவுடு."

மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னார். அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"குளிருதுக்கா, பொத்தி விடு." நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்தாயா தம்பி? அல்லது அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதானா?

அவருக்கு அர்த்தம் சொன்னேன். குளிருது, போர்த்திவிடு என்கிறான் என்றேன். "என் கம்பளியத்தான் எடுத்துப் போர்த்திவிட்டேன்" என்றார் லஹு. "அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்." சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அப்போது நானும் அழுதேன். உன் அடக்கத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

திரும்பி வருகிற வண்டியில் அத்தான் சொன்னார்: "அத்தைட்ட சொல்லாத. ஒடனே போயிட்டான்னுதான் அவங்க மனசத் தேத்தி வச்சிருக்காவ." அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கத்தவில்லை. "கம்பளி காஞ்சிருந்துச்சா?" என்று கேட்டாள்.

"அந்த மழையில எங்கம்மா? நனஞ்சுதான் இருந்திருக்கும்."

"நனஞ்ச கம்பளின்னாலும் கதகதப்பு இருக்கும்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "பொத்திவிட ஒரு ஆளு இருந்தாம்லா. எம்புள்ள தனியா கெடக்கலட்டி."

அந்தப் பழைய பேச்சை அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஆனால் இப்போது சில சமயம் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, "எம்புட்டு நேரம் உசுரோட இருந்திருப்பான்?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னது சரியா? ஒரு முள்ளை எடுத்து இன்னொன்றைத் தைத்துவிட்டேனா? நீ இருந்திருந்தால், "வுடுக்கா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாய்.

உன்னிடம் ஒரு வாக்குக் கொடுக்கத்தான் எழுதுகிறேன். தோல் மழையில் நனைந்தால் விறைத்துப்போகும், பூசணம் பிடிக்கும், நூல் இற்றுவிடும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நான் அந்தக் கிராமத்துக்குப் போவேன். உறைக்கு எண்ணெய் தேய்த்து, விட்டுப்போன தையலைத் திரும்பப் போட்டு, லஹுவின் இடுப்பில் கட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். ஊசி பிடிக்கக் கை நடுங்கும் வயது வரும் வரைக்கும் போவேன். எது அந்தப் பள்ளம் என்று இந்தத் தடவை லஹுவிடம் கேட்டுக்கொண்டு, போகும்போதெல்லாம் அதன் பக்கம் திரும்பி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

நீ கூப்பிட்டதை இவ்வளவு பிந்திக் கேட்ட
உன் அக்கா
எஸ்தர்