ஹாலுக்குப் பச்சை பெயின்ட்

அன்புள்ள அனுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நலம்; இந்தத் தடவை அந்த வார்த்தையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் அப்பா பிடுங்கிக்கொள்வார், நீயும் அழுவாய், அதனால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பயப்படாதே, எல்லாம் முடிந்து தையலும் பிரித்தாயிற்று. போன மாதம் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். கல் இல்லை, மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்தான் ஓரிடத்தில் குமிழ் மாதிரி புடைத்திருந்தது. வெடித்தால் ஆபத்து என்று டாக்டரம்மா வயிற்றைத் திறந்து, புடைத்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டார். மண்ணீரலும் பிழைத்தது. இந்த வியாதியே ரொம்ப அபூர்வமாம். அதிலிருந்து அப்பாவுக்கு ஒரே பெருமை. எதிர்வீட்டுப் பட்டாபிராமன் தன் பைபாஸ் கதையை ஆரம்பித்தாலே, அது ஊர்ல எல்லாருக்கும் வர்றது சார் என்று வாயை அடைத்துவிடுகிறார்.

உனக்குச் சொல்லக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அன்று வீடியோவில், பின்னால என்னம்மா பச்சைச் சுவர் என்று கேட்டாயே, அது ஆஸ்பத்திரி அறை. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஹாலுக்குப் பெயின்ட் அடித்தோம் என்றார். வளைகாப்புக்கு வந்து பார்க்கிறேன் என்றாய் நீ. ஆகவே இப்போது நிஜமாகவே அடிக்கிறார்கள். அந்தச் சுவரை போட்டோ எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு கடை கடையாக ஏறி அதே பச்சையைப் பிடித்துவிட்டார். பெயின்டர் குமரேசன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னா சார், நல்லா கீற வூட்ட ஆஸ்பத்திரி ஆக்குறீங்க என்றார். என் பொண்ணு ஆசைப்பட்டா, நீ அடிப்பா என்று பழியை உன் தலையில் போட்டுவிட்டார் அப்பா.

இவ்வளவு பாடுபட்டவரைக் காட்டிக்கொடுக்கக் காரணம் இருக்கிறது. தையல் பிரிக்கும்போது பேச்சுவாக்கில் நீ மாசமாக இருப்பதைச் சொன்னேன். டாக்டரம்மா கையை நிறுத்திவிட்டார். இது பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம், பிள்ளைத்தாய்ச்சிக்கு வெடித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்தாம். அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரும் என்றில்லை, ஆனாலும் உன் டாக்டர் காதில் போட்டுவைக்கச் சொன்னார். அப்பாவோ, குழந்தை பயந்துடும் என்கிறார். குழந்தைக்கே குழந்தை பிறக்கப்போகுது என்றேன்.

கோபப்படாதே. நீயும் மூன்று மாதம் முடியும்வரை எங்களிடம் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கே டாக்டரைப் பார், ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஒன்றுமில்லை என்றால் அப்பாவைக் கூப்பிட்டு ஆசைதீரத் திட்டு. ஏதாவது இருந்தால் முதலில் என்னிடம் சொல். அடுத்து என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், கூடவே வந்து உட்கார்ந்துகொள்வேன்.

நீயும் உன் குட்டியும் நூறு வயது வாழ வேண்டும்.

உன் அம்மா,
கோகிலவாணி
சேலையூர்