நளம் என்று எழுதியவருக்கு

அத்தா,

நேற்றுக் காலை கெப்பாலா பத்தாஸிலிருந்து உங்கள் பேரன், தம்பி மகன்தான், கைப்பேசியில் கேட்டிருந்தான்: "மாமி, நளமா?" முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவளுக்கு அந்த ளகரத்தைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நொடி உங்கள் ஞாபகம் வந்து, கோபம் அப்படியே அடங்கிப்போனது.

நீங்களும் அப்படித்தானே எழுதுவீர்கள். நான் ஜொகூரில் வேலை பார்த்த நாளில், பினாங்கு சூலியா தெருவில் உங்கள் ரேடியோ கடையிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். "இங்கு நளம்." நான் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். பெற்ற தகப்பனுக்கே! விடுமுறைக்கு வந்தால் சிரிப்பீர்கள். "நீ படிச்ச புள்ளலா. நான் ரேடியோக்காரன், சத்தம் சரியா வந்தா போதும்."

அந்த ரேடியோ வேலையை எங்கே கற்றீர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. போன மாதம் உங்கள் பேரன் லண்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு கோப்பின் நகலை வரவழைத்தான். ஜப்பான்காரன் காலத்தில் இதே பினாங்கில் உங்களுக்கு ஒற்றர் பயிற்சி கொடுத்து, நீர்மூழ்கியில் ஏற்றி, இந்தியக் கரையில் இறக்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாளே வெள்ளைக்காரனிடம் பிடிபட்டீர்கள். அப்புறம் அவன் சொன்ன பொய்களைப் பினாங்குக்கு ரேடியோவில் தந்தியடித்தீர்கள்.

அந்தத் தந்திகளில் ஜப்பான்காரர்கள் ஓர் அடையாளம் வைத்திருந்தார்களாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது லகரத்துக்கு ஓர் எல், ளகரத்துக்கு இரண்டு எல். அப்படி 'நளம்' என்று பிழையாக வந்தால், ஆள் பத்திரம். 'நலம்' என்று சரியாக வந்தால், மாட்டிக்கொண்டேன், நம்பாதே. உங்கள் முதல் இரண்டு செய்தியில் 'நலம்'. மூன்றாவதிலிருந்து எல்லாம் 'நளம்'. ஏன் அத்தா? அடித்தார்களா? மனசு மாறியதா? கூட இறங்கிய சிநேகிதரைத் தூக்கில் போட்டார்கள், உங்களை விட்டுவிட்டார்கள். யாரைக் காட்டிக் கொடுத்தீர்கள், யாரைக் காப்பாற்றினீர்கள்? எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆனால் நான் உங்களிடம் கேட்க வந்தது வேறு. உங்கள் கடைசிக் கடிதத்தில் "இங்கு நலம்" என்று இருந்தது. அழகான லகரம். அத்தா திருந்திவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். ஊருக்கு பஸ் ஏறவில்லை. பத்தாம் நாள் நீங்கள் மௌத்தாகிவிட்ட செய்தி வந்தது. ஒரு மாதமாக நெஞ்சுவலியோடு கிடந்தீர்களாம். பதறுவேன் என்று தம்பியும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்களா அத்தா, உங்கள் பாஷையில்? இல்லை, என் சிவப்பு மைக்குப் பயந்துதான் சரியாக எழுதினீர்களா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று உங்கள் பேரனுக்குப் பழக்கதோஷத்தில் "நலம்" என்றே பதில் தட்டிவிட்டு, துணி காயப்போடப் போனேன். அரைமணி நேரத்தில் என் செபராங் ஜெயா வீட்டு கேட்டில் கார் வந்து நின்றது. அவனுக்கு மூச்சு வாங்கியது. காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது.

"மாமி! என்னாச்சு?"

"ஒன்னும் ஆகலடா. சரியாத்தானே எழுதுனேன்?"

"அதான் மாமி பயந்துட்டேன்."

அவனை உட்காரவைத்துத் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரே ஒரு எழுத்தைப் பார்த்து அவன் வந்துவிட்டான், அத்தா. நான் வரவில்லை.