கை சுத்தம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வர்ற மாதிரி காட்டிட்டு ஏமாத்துது.

மகன் கனடா போகையில விட்டுட்டுப் போன எலக்ட்ரிக் மலை சைக்கிள், எட்டு மாசமா கார் ஷெட்டுல. இனி அது என்னுது. அவன் ஆறடி, நான் அஞ்சுக்குக் கொஞ்சம் கூட. செல்வம் கடையில சொல்ல வேண்டியது:

– அகல சீட், நல்லா இறக்கி
– ஹேண்டில்பார் என் பக்கம் இழுத்து
– பிரேக் பிடி விரலுக்கு எட்டணும்
– மோட்டார் கெளம்பும்போது ஆளைத் தள்ளுது, கொறைக்கணும்
– கிரிப் புதுசு. பழசு அவன் வேர்வையில பிசுபிசு. பெத்த புள்ளதான், ஆனாலும் குமட்டுது.

ஞாயித்துக்கிழமை காளையார்கோவில். தனியா. வீட்டுக்காரவுக பேப்பர்லருந்து தலையத் தூக்காம, "கார்லயே போலாமே"ன்னாக. போலாம். அம்பத்துமூணு வயசு வரைக்கும் யாராவது கொண்டுபோய் விட்டுத்தான் எங்கயும் போயிருக்கேன். நெனச்சா எம்மேலயே வெறுப்பா இருக்கு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செல்வம் கடை. இந்த மாதிரி சைக்கிள் தெரிஞ்ச ஒரே மெக்கானிக். வேலை சுத்தம், ஆள் அழுக்கு. வாயில பாக்கு, நகமெல்லாம் கருப்பு, அதே கையில டீ கிளாஸ். என் புது சீட்டுல அஞ்சு விரலும் அச்சு. கேட்டா, "கிரீஸ்தான ஆச்சி, தொடச்சாப் போயிரும்."

ஏறி உக்காரச் சொல்லி, முழங்கால் மடங்குறதப் பாத்து, மூணு தடவை சீட்டை ஏத்தி இறக்குனாப்ல. கால் தரையில எட்டுது. அதச் சொல்லணும்.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலை, தேக்குக் கதவு தொடைக்கிற துணியை எடுத்து சைக்கிளை ஒரு இடம் விடாமத் தேச்சேன். கம்பி, சக்கரம், சக்கரத்து நடுவுல இருக்க வட்டத் தகடு வரைக்கும் மினுமினுன்னு. அப்பறந்தான் சோறு எறங்குச்சு.

ஆகஸ்ட் 6, புதன்

5.40, கண்மாய்க்கரை. ஏத்தம் அருமை. மோட்டார் கூட வந்துச்சு, தள்ளல. எறக்கத்துல பிரேக் பிடிச்சேன். கத்துச்சு, நிக்கல. ரெண்டு கையாலயும் இறுக்கினேன், அப்பவும் நிக்கல. கீழ ரோட்டுல கோட்டையூர் டவுன் பஸ். சீமைக்கருவேலத்துக்குள்ள விட்டேன்.

பஸ்லருந்து ஒரு தலை: "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?"

கையெல்லாம் முள்ளு. விழுந்த எடம் எவனோ காலைக்கடன் முடிச்ச எடம். செருப்பை அங்கனயே விட்டுட்டேன். எழுதவே கூசுது.

வெறுங்காலோட கடைக்கு உருட்டிக்கிட்டுப் போனேன். நாலு பேர் டீயோட நின்னாக. அந்த நாலு பேர் முன்னாடியே சொன்னேன், "செல்வம், ஒனக்குக் கை சுத்தமில்லப்பா. அதான் இப்படி." கிரீஸ் கை பிரேக்குல பட்டிருக்கும்னுதான் சொன்னது. செல்வம் மூஞ்சி செத்துப்போச்சு. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. திரும்ப உருட்டிக்கிட்டு வந்துட்டேன். அந்தக் கை இனி இதுல படவே வேணாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வாசல்ல ஒரு சாக்குப் பை. செல்வம் வச்சுட்டுப் போனதாம். பழைய சீட், பழைய கிரிப் ரெண்டு, திருகாணி ஏழு, துருப்பிடிச்ச வாஷர் ஒண்ணு. கிரிப்பைத் தொட்டதும் பிசுபிசு. ச்சீ. குப்பையை எதுக்கு வீடு தேடிக் கொண்டாரணும்?

அவுக பையைப் பாத்தாக, என்னையப் பாத்தாக. "கடையில என்ன சொன்ன?"

சொன்னேன்.

"கை சுத்தமில்லன்னா களவாணின்னுல்ல அர்த்தம்."

ஒரு வாஷரைக் கூட வச்சுக்கலன்னு காட்டத்தான் அந்தப் பை. ஊர்ல பாதிப் பேர் வண்டியைச் சாவியோட விட்டுட்டுப் போற கடை அது. என் வாயை என்ன சொல்ல.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். உருட்டிக்கிட்டுப் போனேன். "கிரீஸைத்தான் சொன்னேன் செல்வம். வேற ஒண்ணும் நெனைக்கல."

நிமிரல. வட்டத் தகட்டுல விரலை வச்சு மோந்து பாத்தாப்ல. மறுபடியும் மோந்தாப்ல.

"கிரீஸுக்கு இந்த வாசம் வராது ஆச்சி. தேங்காண்ணெய்."

கதவுத் துணி. தேக்குக்கு அந்த எண்ணெயத்தான் போட்டுத் தொடைக்கிறது.

"இதுதான் பிரேக் தகடு. இதுல எண்ணெய் போட்டா எப்படி நிக்கும்? எதுக்குத் தொடச்சீக?"

உன் கை பட்டுச்சேன்னு எப்படிச் சொல்றது. ஆனா செல்வத்துக்குப் புரிஞ்சிருச்சு. எந்திரிச்சுப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுனாப்ல. அப்பறமும் ஒரு தடவை. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

அந்த நாலு பேரும் டீ குடிக்கிற நேரமாப் பாத்துப் போனேன். "எண்ணெய் போட்டது நான். செல்வம் கை சுத்தம்."

ஒரு ஆள் சிரிச்சாரு. "எந்தச் சுத்தம் ஆச்சி?"

"ரெண்டும்."

செல்வம் சிரிக்கல. சைக்கிள் ரெடி. கையில பேப்பரைச் சுத்தி ஹேண்டில்பாரைப் பிடிச்சு எங்கிட்டத் தள்ளுனாப்ல. "புது பிரேக் கட்டை. இருபது தடவை பிடிச்சு விடுங்க, பழகிரும்."

விடுங்க. எப்பவும் 'விடுங்க ஆச்சி'ன்னு வாய் நெறையச் சொல்ற ஆளு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

5.15. இருட்டு. இன்னும் விடியல. பிரேக் சொன்ன எடத்துல நிக்குது. தண்ணி பாட்டில், பேட்டரி, செருப்பு, எல்லாம் தயார்.

டார்ச் அடிச்சுப் பாத்தேன். சீட்டு, கம்பி, கிரிப். எங்கயும் ஒரு விரல் அச்சு இல்ல. பாக்கச் சகிக்கல.