அக்கரை வீடு

ஆடி, செவ்வாய் இரவு.

பந்தலூரில் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளைக் காக்க, ஆற்றின் இக்கரையில் மண் நிரப்பிய புதுவிதத் துணிப் பைகளை அடுக்கியிருந்தோம். அவை கசியும் நீரை வடியவிட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இன்று வெள்ளம் ஏறியதும் அக்கரையில் குடியிருக்கும் ராஜன் பாலத்தைக் கடந்து ஓடிவந்தார். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் பைகளைக் கிழித்தார்.

"இந்தக் கரைய ஒசத்திட்டா தண்ணி எங்க ஊட்டுக்குத்தானுங்க பாயும்!"

தடுத்தேன். கத்தி என் உள்ளங்கையைக் கிழித்தது. மண்வெட்டிக் காம்பால் அவர் தோளில் ஓங்கி அடித்தேன், விழுந்தார். ஆட்கள் அவரை அமுக்கிப் பிடித்திருந்தபோதே, எதிரே அவர் வீடு ஆற்றில் சரிந்தது. நல்லவேளை, குடும்பம் முகாமில் இருந்தது. பிடியை விட்டோம். அவர் எழவில்லை.

"உங்க கரை நின்னுருச்சுங்க சார்," என்றார்.

நின்றுவிட்டதுதான். சந்தோஷம் என்று எழுதக் கை வரவில்லை.