இருமல் நின்ன சுவர்

பாப்பு,

எழுப்ப மனசு வரல. பால் காய்ச்சி வச்சிருக்கேன். தச்சர் வருவார். நம்ம ரூம் சுவத்துல நான் ஒட்டின ஃபோமைப் பிச்சு எடுக்கச் சொல்லிட்டேன். ஏன்னு கேப்ப.

பக்கத்து ரூம்லேர்ந்து வர்ற அத்தை இருமல் தூங்க விடலன்னு அன்னிக்குக் கத்திட்டு, மறுநாளே கடையில ஸ்டுடியோ சுவத்துக்கு வாங்கி மிஞ்சின ஃபோமைக் கொண்டாந்து ஒட்டினேன். அதுலேர்ந்து சத்தமே இல்ல. "பாத்தியா என் கைவரிசையை"ன்னு உங்கிட்ட மார்தட்டினேன்.

நேத்து ஒரு கஸ்டமர், பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு ஃபோம் போதுமான்னு கேட்டார். "இது அறைக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும் சார், சத்தத்தைத் தடுக்காது. அதுக்கு உள்ள ராக்வூல் பஞ்சு வச்சு ரெண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு அடிக்கணும்"னு வழக்கம்போல ஒப்பிச்சேன். சொல்லி முடிச்சதும் எனக்கே சுருக்குன்னுது. அப்ப நம்ம வீட்டுல இருமல் எப்படி நின்னுது?

இன்னிக்கு விடியக்காலைல அத்தை ரூம் கதவு லேசாத் திறந்திருந்துச்சு. தலையணையை வாயில அமுக்கிட்டு இருமிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும், "எழுப்பிட்டேனா மாப்பிள்ளை?"ன்னாங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

சாயந்தரம் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். வெந்நீர் மட்டும் கொடுத்துட்டே இரு.

இன்னொண்ணு. அவங்க கட்டிலுக்கடியில துணிப்பை கட்டி வச்சிருக்கு. எப்பத்தான் கிளம்புவாங்கன்னு அன்னிக்கு நான் கத்தினதுகூட அவங்க காதுல விழுந்திருக்கு. நீ அதைத் தொடாத. நான் வந்து, அவங்க முன்னாடி, என் கையாலயே பிரிச்சு அலமாரில அடுக்குறேன்.